நாற்பது கவடு

கரடிப்போக்குச் சந்தியில் பனர் அடிக்கிறேன்.
சாமத்திய வீடு, கொடியேற்றம், முப்பத்தோராம் நாள்.
தேர்தல் வந்தால் இரண்டு மாதம் இறைச்சிக் கறி.
படம் கொண்டுவருபவரிடம் முதலில் கேட்பது
அகலத்தை அல்ல,
எவ்வளவு தூரத்தில் நின்று பார்ப்பீர்கள் என்று.
ஒருவருக்கும் தெரியாது.
"நல்ல கிளியரா வரவேணும்" என்பார்கள்.

சுகிர்தமலருக்குத் தெரிந்திருந்தது.
"நாப்பது கவடு.
குசினி வாசலிலயிருந்து கிணத்தடி மதில்.
அளந்துபோட்டுத்தான் வந்தனான்."

வைபரில் வந்த படம்.
யாரோ அனுப்பி, யாரோ சுருக்கி, யாரோ மறுபடி அனுப்பியது.
பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, அறுபது பிள்ளைகள்,
கொடிக்கம்பத்தருகே ஓரத்தில் ஒரு முகம்.
பெருப்பித்தேன்.
குறுக்கே பதினொரு சதுரம், நெடுக்கே பதினாலு.
இடக்கண்ணுக்கு ஒரு சதுரம் முழுதாகக் கிடைத்திருந்தது,
வலக்கண் மூக்கோடு பங்கு.
ஆர் என்று கேட்கவில்லை.
இந்த றோட்டில் கடை வைத்திருப்பவன் கேட்கமாட்டான்.

என்னிடம் வேலை செய்யும் நிதர்சன்
புதிதாக வந்த ஒன்றில் படத்தைப் போட்டான்.
இரண்டு நிமிடம்:
இமைமயிர் வந்தது, பல்வரிசை வந்தது,
கீழுதட்டில் ஈரம்கூட வந்தது.
எங்களுக்குப் பெருமை.

அவள் திரைக்கு ஒரு சாண் கிட்டப் போனாள்.
மூச்சை அடக்கிப் பார்த்தாள்.
முகமாலையில் எட்டு வருடமாய்
இப்படித்தான் மண்ணைப் பார்க்கிறாளாம்,
முழங்காலில் இருந்து,
புல்வேருக்கும் கம்பி நுனிக்கும் வித்தியாசம் கண்டு.
"இது ஆர்?" என்றாள்.
நிதர்சன் தலையைச் சொறிந்தான்.
"எங்கட வேலையில கண்டதைத்தான் எழுதலாம், தம்பி.
மற்றதை அழியுங்கோ."

ஆக அந்த நூற்றைம்பத்து நாலு சதுரமும்தான்,
நாலடி அகலத்தில்,
ஒவ்வொன்றும் உள்ளங்கையை விடப் பெரிதாய்.
நான் தொழில் தெரிந்தவன், சொல்லிப் பார்த்தேன்:
அக்கா, கண்ணுக்கும் ஒரு கணக்கிருக்கு.
ஒரு மீற்றரில் நின்றால்
ஒரு மில்லிமீற்றரில் மூன்றிலொன்றைப் பிரித்துப் பார்க்கும்,
அதற்குக் கீழே எல்லாவற்றையும் ஒட்டி
ஒன்றென்று நம்பிவிடும்.
உங்கள் சதுரங்கள் ஒட்டவேண்டுமென்றால்
நானூறு மீற்றருக்கு அப்பால் போகவேண்டும்,
வயல் தாண்டிக் குளக்கட்டில் ஏறவேண்டும்.
அங்கிருந்து பார்த்தால்
முகம் கையில் பிடித்த கடுகளவு,
போனில் இருந்ததிலும் சிறிது.

"அடியுங்கோ" என்றாள்.

மை காயமுதலே
கடை நிலத்தில் விரித்ததன் ஓரத்தில் குந்தி
சதுரம் சதுரமாகப் போனாள்.
மண்ணிறம், இன்னொரு மண்ணிறம், ஏறக்குறையக் கறுப்பு.
கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்கோ அக்கா என்றேன்.
எழுந்தாள்.
திரும்பி முதலில் நிலத்தைப் பார்த்தாள்,
பிறகு வந்த காலடியிலேயே காலை வைத்துப் போனாள்.

உருத்திரபுரத்துக்கு நானே கொண்டுபோனேன்.
மதிலில் ஆணி இறுக்கி
குசினி வாசல்வரை நடந்து வந்து பார்த்தால்
சதுரங்கள்.
யாரோ மாபிள் பதித்த சுவர்.
காசைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசித்தபடி
வியர்வைக்குக் கண்ணாடியைக் கழற்றி
சேட்டு நுனியில் துடைத்தேன்,
நிமிர்ந்தேன்.

நின்றான்.
தலையை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்து,
வெயிலுக்கு முகம் சுளித்து,
பதினாறு, பதினேழு வயது இருக்கும்.

கண்ணாடியைப் போட்டேன், சுவர்.
கழற்றினேன்.
இப்படி எத்தனை தரம் செய்தேனோ,
அடுப்பில் பால் பொங்கிற்று, அவள் திரும்பவில்லை.

"நீங்கள் கண்ணைச் சுருக்கிப் பார்க்கவேணும் அக்கா,
அப்பதான் ஆள் வரும்."
"எனக்குச் சும்மாவே வருது" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"போன வருசத்திலயிருந்து தூரம் மங்கல்.
கிட்டப் பிழையில்லை.
முகமாலை ஆக்களிட்டச் சொல்லிப்போடாதேங்கோ,
வேலையால நிப்பாட்டிப்போடுவினம்."

மிச்சக் காசை எண்ணித் தந்தாள்.
வெயிலுக்கு எத்தனை மாதம் தாங்கும் என்று கேட்டாள்.
ஆறு என்றேன்.